பினாகா கீத்மாலாவும் மேகி நூடுல்ஸும்: ஒரு விசுவாசக் கதை

மார்க்கெட்டிங் ஆசாமி யாரோடாவது ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள், 'எங்கேஜ்மென்ட்' என்ற சொல் மூன்று தடவையாவது வந்து விழும். நம் ஊரில் எங்கேஜ்மென்ட் என்றால் நிச்சயதார்த்தம். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, லக்னப் பத்திரிகை. அவர்கள் பாஷையில் அது வேறு. ஒரு கம்பெனி ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ எதையாவது போடும். நாம் அதற்கு லைக் போடுவோம், பதில் எழுதுவோம், சித்தப்பாவுக்கு ஃபார்வர்டு செய்வோம். இத்தனையும் சேர்ந்ததுதான் எங்கேஜ்மென்ட். இப்படிப் பேசிப் பழகப் பழக, நாம் அந்தப் பிராண்டை விட்டு நகர மாட்டோம், 'லாயல்' ஆகிவிடுவோம் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கத்தான் இந்தப் பதிவு. ஏதோ ஃபேஸ்புக் வந்த பிறகு கண்டுபிடித்த வித்தை போல இதைச் சொல்கிறார்கள். உண்மையில் இந்த நாட்டில் இதற்கு எழுபது வருஷத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் நடந்தது நான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் இந்த மும்பையில். வெளியூரில் குடித்தனம் நடத்தும் நமக்கு இதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை வேண்டும் என்பது என் கட்சி. சொந்த ஊரில் இருப்பவருக்கு எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று சொல்ல அண்ணாச்சி கடை இருக்கிறது, எதிர்வீட்டு மாமி இருக்கிறார். நமக்கு அந்த இடத்தில் கையில் இருக்கும் போன்தான் இருக்கிறது.

கொழும்பிலிருந்து வந்த பற்பசை

1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானவர் பி.வி.கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதப் பிரியர். சினிமாப் பாட்டு என்றால் அவருக்கு ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு தேய்ந்து போனது. ஜனங்கள் என்ன செய்வார்கள்? ரேடியோ முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பினார்கள். ரேடியோ சிலோனிடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து சக்திவாய்ந்த சிற்றலைக் கருவி இருந்தது. அதைவிட முக்கியம், அங்கே விளம்பரம் வாங்கினார்கள்.

சீபா கம்பெனியின் பினாகா டூத்பேஸ்ட் அங்கே ஒரு அரைமணி நேரத்தைப் பிடித்தது. 1952 டிசம்பர் 3, புதன்கிழமை, 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. நிகழ்ச்சியைப் பம்பாயில் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் அமீன் சயானி, இன்னும் இருபது வயது முடியாத பையன். வாரத்துக்கு 25 ரூபாய் சம்பளம்.

இனிதான் விஷயமே. முதலில் அது வெறும் பாட்டு நிகழ்ச்சி இல்லை, ஒரு போட்டி. ஏழு பாட்டு போடுவார்கள், அவை வெளிவந்த வரிசையைக் கேட்பவர்கள் சரியாக எழுதி அனுப்ப வேண்டும். பரிசு நூறு ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதம் வந்தது என்றும், ஒரு வருஷத்துக்குள் அது வாரத்துக்கு அறுபத்தைந்தாயிரம் ஆனது என்றும் சயானியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு போஸ்ட் கார்டு வாங்கி, எழுதி, பெட்டியில் போட எவ்வளவு மெனக்கெட வேண்டும்! இன்றைய லைக்கோடு ஒப்பிட்டால் ஒரு கார்டுக்கு ஆயிரம் லைக் சமம் என்பேன்.

கடிதம் தாங்க முடியாமல் போட்டியை நிறுத்திவிட்டு, பாட்டுகளை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக மாற்றினார்கள். இசைத்தட்டு விற்பனையோடு, நாடெங்கும் முளைத்திருந்த ரேடியோ ரசிகர் மன்றங்களின் ஓட்டும் கணக்கில் வந்தது. இன்று ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி திலையா என்ற மைக்கா சுரங்க ஊர், பாட்டு கேட்டுக் கார்டு போட்டே இந்தியா முழுக்கப் பிரபலமானது. அப்படி ஒரு ஊரே கிடையாது, ரேடியோக்காரர்கள் கட்டிவிட்ட பெயர் என்று நினைத்தவர்களும் உண்டு! நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? சிலோன் ரேடியோவின் தமிழ் ஒலிபரப்புக்குத் தென் மாவட்டங்களில் இருந்த ரசிகர்களைப் பற்றி உங்கள் அப்பாவையோ பெரியப்பாவையோ கேட்டுப் பாருங்கள். தன் பெயர் ரேடியோவில் வருமா என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தலைமுறை அது.

இந்த நாற்பது வருஷ உறவால் டூத்பேஸ்டுக்கு என்ன லாபம்? லாபம் இருந்தது, இல்லையென்றால் எந்தக் கம்பெனி அத்தனை வருஷம் காசு கொடுக்கும்? பினாகா என்ற பெயர் ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. பெட்டிக்குள் வந்த குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் மிருகங்களைச் சேர்க்கவே குழந்தைகள் அந்தப் பேஸ்டைக் கேட்டு அடம்பிடித்தார்கள். பிறகு பினாகா சிபாகா ஆனது. 1989-ல் நிகழ்ச்சி விவித் பாரதிக்கு வந்தது. 1994-ல் சிபாகாவைக் கோல்கேட் வாங்கிவிட்டது. அறுபத்தைந்தாயிரம் கடிதம் எழுதிய கைகளில் ஒன்றுகூட "என் பற்பசையை விற்காதே" என்று தெருவில் இறங்கவில்லை.

2024 பிப்ரவரி 20 அன்று அமீன் சயானி காலமானார். அன்று இந்த ஊரில் என்னோடு வேலை பார்க்கும் வடக்கத்தி நண்பர்கள், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் அழுததாகச் சொன்னார்கள். அழுதது அந்தக் குரலுக்காக, அந்தப் புதன்கிழமை ராத்திரிகளுக்காக. பற்பசைக்காக அல்ல. இதை முதல் பாடமாக வைத்துக்கொள்வோம். நாம் யாரோடு பேசினோமோ அவர்மேல்தான் பாசம் வருகிறது. பேச்சுக்குக் காசு கொடுத்தவன்மேல் வருவது, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் வாசனைதான்.

வெண்ணெய்க்காரப் பெண்

அடுத்தது அமுல். குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகள் 1946-ல் தொடங்கிய பால் கூட்டுறவு. அதை வளர்த்தெடுத்த வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்து, 1949-ல் ஆனந்துக்குப் போய்ச் சேர்ந்தவர். கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். வேலைக்காக வெளியூர் போய் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்ட நம் கோஷ்டியில் மூத்தவர் என்று நான் அவரைச் சொல்லிக்கொள்வது உண்டு :-)

அன்று பம்பாயில் வெண்ணெய் என்றால் போல்சன். அதோடு மோத 1966-ல் சில்வெஸ்டர் டகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் அந்தப் புள்ளிப்போட்ட கவுன் போட்ட சின்னப் பெண்ணை உருவாக்கினார்கள். தொலைக்காட்சியில் விளம்பரம் போட வழியில்லாத காலம். விளக்குக் கம்பங்களிலும் தெருமுனைப் போர்டுகளிலும் அவள் வந்தாள். சீக்கிரமே ஊர்ச் செய்திகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். 1969-ல் ஹரே கிருஷ்ணா இயக்கம் ஊரைக் கலக்கியபோது, 'ஹர்ரி அமுல், ஹர்ரி ஹர்ரி' என்று போட்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடை நடந்துகொண்டிருந்தபோது, "நாங்கள் எப்போதும் கட்டாய ஸ்டெரிலைசேஷன் செய்பவர்கள்தான்" என்று வெண்ணெய்த் தட்டோடு நர்ஸ் வேஷத்தில் நின்றாள். அந்த வருஷங்களில் அதை எழுதத் துணிச்சல் வேண்டும். இந்தியன் ஏர்லைன்ஸ் வேலைநிறுத்தத்தைக் கிண்டல் செய்தபோது, விமானத்தில் அமுல் வெண்ணெய் கொடுப்பதையே நிறுத்திவிடுவோம் என்று மிரட்டல் வந்த கதையும் உண்டு.

இது எப்படிச் சாத்தியமானது? ஒவ்வொரு விளம்பரத்தையும் முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கவேண்டாம் என்று விளம்பரக் கம்பெனிக்குக் குரியன் சுதந்திரம் கொடுத்திருந்தார். இன்று ஒரு ட்வீட் போட நாலு பேர் கையெழுத்து வாங்கும் கம்பெனிகளைப் பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது. சமூக வலைத்தளங்கள் வந்தபோது அமுல் புதிதாக எதையும் கற்கவேண்டி இருக்கவில்லை. தெருமுனையில் இருந்த அதே படம் போனுக்குள் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. அந்தப் பெண் எவ்வளவு சமர்த்தாகப் பேசினாலும், வெண்ணெய் கெட்டிருந்தால் ஜனங்கள் மறுபடி வாங்கியிருக்க மாட்டார்கள். பின்னால் லட்சக்கணக்கான பால்காரக் குடும்பங்கள் காலையும் மாலையும் பால் ஊற்றிக்கொண்டிருந்தன. பேச்சு அதற்கு மேலே தடவிய வெண்ணெய்.

புழு வந்த சாக்லேட்

2003 அக்டோபரில், சரியாகத் தீபாவளி நேரத்தில், மும்பையில் கேட்பரி டெய்ரி மில்க் பார்களில் புழு இருப்பதாக மகாராஷ்டிர உணவு மருந்து நிர்வாகத் துறை அறிவித்தது. விற்பனை சரிந்தது. கடைக்காரர்கள் சரியாக வைத்திருக்கவில்லை என்று கம்பெனி முதலில் சொல்லிப் பார்த்தது. எடுபடவில்லை. பிறகு 'விஸ்வாஸ்' என்று பெயர் வைத்து, எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2004 ஜனவரியில் உறையை மாற்றினார்கள். அமிதாப் பச்சன் டிவியில் வந்து நம்பச் சொன்னார். சில மாதங்களில் விற்பனை திரும்பியது.

கவனியுங்கள், இந்தக் கதை முழுக்கக் கம்பெனியும் அரசாங்கமும் பத்திரிகையும்தான் பேசின. சாக்லேட் தின்றவர்கள் பேசவே இல்லை. பேச இடமில்லை. அந்த இடம் மெல்லத்தான் உருவானது. 2000-ல் இதே மும்பையில் தொடங்கிய மவுத்ஷட் என்ற தளத்தில், ஃபிரிட்ஜ் முதல் ஓட்டல் வரை எதைப் பற்றியும் ஜனங்கள் விமர்சனம் எழுதினார்கள். 2004-ல் ஆர்குட் வந்தது. பிறகு ஃபேஸ்புக், ட்விட்டர். எழுதியதற்காக வம்பில் மாட்டியவர்களும் உண்டு. 2015 மார்ச் 24-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த வழக்குத் தொகுப்பில் மவுத்ஷட்டும் ஒரு மனுதாரர். ஒரு பொருளைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமைக்குப் பின்னால்கூட இத்தனை கதை இருக்கிறது.

மேகி: ஐந்து மாதப் பிரிவு

அந்தத் தீர்ப்பு வந்த சில வாரங்களில்தான் மேகி விவகாரம் வெடித்தது.

1983-ல் இந்தியாவுக்கு வந்த மேகி, ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும், வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு ரூமுக்கு வரும் பேச்சிலர்களுக்கும் சோறு மாதிரி. வெளியூரில் முதல் வேலை பார்த்த யாரிடமும் ஒரு மேகி கதை இருக்கும். கம்பெனிக்கு இது நன்றாகவே தெரியும். இந்தியாவில் இருபத்தைந்து வருஷம் ஆனதையொட்டி, உங்கள் மேகி கதையை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டு, தேர்ந்தெடுத்த கதைகளைப் பாக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். பினாகா போட்டியின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் 2014-ல் எடுத்த ஒரு மாதிரியைக் கொல்கத்தா ஆய்வகத்தில் சோதித்தபோது, ஈயம் 17.2 பிபிஎம் என்று வந்தது. அனுமதி 2.5 தான். மோனோ சோடியம் குளூட்டமேட் சேர்க்கவில்லை என்று பாக்கெட்டில் போட்டிருந்தது, அதுவும் இருப்பதாகச் சொன்னார்கள். 2015 மே கடைசியில் ட்விட்டர் முழுக்க இதே பேச்சு. அப்போது கம்பெனியின் வலைத்தளக் குழு, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு நேற்று ராத்திரி கொடுத்த நூடுல்ஸில் விஷமா என்று கேட்கும் அம்மாவுக்கு அச்சடித்த பதில்! முப்பது வருஷமாகக் கதை கேட்ட கம்பெனி, ஒரு கேள்வி கேட்டதும் ஊமையாகிவிட்டது என்றுதான் ஜனங்களுக்குத் தோன்றியது.

டெல்லி தடை போட்டது. தமிழ்நாடு ஜூன் 4-ம் தேதி மூன்று மாதத் தடை போட்டது. ஜூன் 5-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்கத் திரும்பப் பெறச் சொன்னது. விளம்பரத்தில் நடித்த அமிதாப் பச்சன், மாதுரி தீட்சித், பிரீத்தி ஜிந்தா மேல் வழக்குப் பதியப் பீகாரில் ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 38 ஆயிரம் டன் நூடுல்ஸைத் திரும்ப வாங்கி, சிமென்ட் ஆலை உலைகளில் போட்டு எரித்தார்கள். அந்தக் காலாண்டில் நெஸ்லே இந்தியாவுக்கு 64 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம்.

பிறகு காற்று திசை மாறியது. மேகி இல்லாத ராத்திரிகளைப் பற்றி ஜனங்களே ஜோக்கும் புலம்பலுமாக எழுத ஆரம்பித்தார்கள். கம்பெனியும் புதிய தலைவர் சுரேஷ் நாராயணன் பொறுப்பேற்றபின், ஆகஸ்டில் 'வீ மிஸ் யூ டூ' என்று சின்னச் சின்னப் படங்கள் வெளியிட்டது. தனியாக இருக்கும் இளைஞர்கள் மேகியை நினைத்து ஏங்கும் படங்கள். பொருளே கடையில் இல்லாதபோது அதற்கு விளம்பரம்! ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், இயற்கை நீதி பின்பற்றப்படவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று தடையை ரத்து செய்து, மூன்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் மறுபடி சோதிக்கச் சொன்னது. மூன்றிலும் ஈயம் அளவுக்குள்தான் இருந்தது. நவம்பர் 9-ல், வடக்கே தன்தேரஸ் கொண்டாடும் நாளில், மேகி கடைக்குத் திரும்பியது. அந்த வாரமே ஸ்னாப்டீலில் விற்பனைக்கு வைத்த 60 ஆயிரம் பெட்டிகள் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தன. சில மாதங்களில் மறுபடி முதலிடம். மத்திய அரசு நஷ்டஈடாகக் கேட்ட 640 கோடி ரூபாய் வழக்கைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது.

இதை வைத்து, "பாருங்கள், சமூக வலைத்தளம் மேகியைக் காப்பாற்றியது" என்று மார்க்கெட்டிங் வகுப்புகளில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வக முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் எந்த வீடியோ என்ன செய்திருக்கும்? வலைத்தளம் செய்தது இரண்டு வேலை. பயத்தை நாலே நாளில் நாடு முழுக்கக் கொண்டுபோனது. பிறகு, ஜனங்கள் மனதில் ஏற்கனவே இருந்த ஏக்கத்தை வெளியே கொண்டுவந்தது. அந்த ஏக்கம் முப்பது வருஷ ஹாஸ்டல் அறைகளில் விளைந்தது. ட்விட்டரில் விளைந்தது அல்ல.

ஒற்றை நட்சத்திர வீரர்கள்

பேசும் இடம் கிடைத்தபிறகு, பாசத்தைவிடக் கோபம்தான் வேகமாகப் பரவியது. 2015 நவம்பரில் நடிகர் ஆமிர் கான் பேசிய ஒரு பேச்சுக்கு, அவர் விளம்பரத்தில் வந்த ஸ்னாப்டீல் செயலியை ஜனங்கள் நீக்கினார்கள். 2017 ஏப்ரலில் ஸ்னாப்சாட் தலைவர் இந்தியாவைக் கேவலமாகச் சொன்னதாகச் செய்தி வர, சம்பந்தமே இல்லாத ஸ்னாப்டீலுக்கு மறுபடி அடி. 2019 மார்ச்சில் ஹோலி விளம்பரத்துக்காக சர்ஃப் எக்ஸெல்மேல் கோபம். அப்போது சிலர் மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் செயலிக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு வந்தார்கள். துணி துவைக்கிற எக்ஸெல் எது, கணக்குப் போடுகிற எக்ஸெல் எது என்று பார்க்கக்கூட நேரமில்லாத வீரம்! சர்ஃப் எக்ஸெல் இன்றும் நன்றாகவே விற்கிறது.

நம்மவர்கள் கதைக்கு வருவோம். 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, பெப்சியும் கோக்கும் விற்கமாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் அறிவித்தன. 1916-ல் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பொவொன்டோ திடீரென்று தமிழ் அடையாளம் ஆனது. வாட்ஸ்அப்பில் எனக்கே ஒரே பொவொன்டோ படம் ஏழு குழுக்களிலிருந்து வந்தது. இங்கே மும்பையில் கிடைக்காத பானத்துக்கு நாங்கள் உட்கார்ந்து விசுவாசம் காட்டினோம். ஊர்ப்பாசத்துக்கு ஒரு பாட்டில் கிடைத்ததில் தப்பில்லை. ஆனால் கடையில் இருந்தால்தானே வாங்கமுடியும்? சரக்கு போய்ச் சேராத இடத்தில் பாசம் ஃபார்வர்டு மெசேஜாகவே நின்றுவிடும்.

2021 அக்டோபரில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. தமிழ்நாட்டில் ஒரு வாடிக்கையாளர், ஆர்டரில் ஒரு பொருள் வரவில்லை என்று சொமாட்டோவில் பணத்தைத் திரும்பக் கேட்டார். உதவி மைய ஊழியர், இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று ஒன்று இல்லவே இல்லை. 'ரிஜெக்ட் சொமாட்டோ' என்று ஒரே நாளில் தமிழகம் கொதித்தது. கம்பெனி தமிழிலேயே மன்னிப்புக் கடிதம் வெளியிட்டது, கோவையில் உதவி மையம் அமைத்துவருவதாகவும், தமிழில் செயலி தயாராவதாகவும் சொன்னது, அந்த ஊழியரை வேலையை விட்டு எடுத்தது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல், இதற்காக மட்டும் அவரை வேலையை விட்டு எடுத்திருக்கக்கூடாது என்று சொல்லி மறுபடி சேர்த்துக்கொண்டார்.

நம் மொழிக்காகக் குரல் கொடுத்தது நியாயம். பலனும் கிடைத்தது. ஆனாலும் அந்த ஊழியரை நினைத்துப் பார்க்கிறேன். அவரும் எங்கோ ஒரு ஊரில் சின்ன வேலையில் இருந்த ஒரு பெண். தமிழ் தெரியாத ஒருவரைத் தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல உட்கார வைத்தது கம்பெனி. கோபம் முதலில் போய் விழுந்தது அவர் தலையில். இங்கே வந்த புதிதில் ஆபீஸில் இந்தி தெரியாமல் விழித்தவர்கள் நாம். மாற்றுமொழி ஊரில் ஒரு வாக்கியம் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

ட்வீட் தெரியாத அம்மா

என் வீட்டுக் கதை ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம். கும்பகோணத்தில் அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேர். வாரண்டி இருக்கிறது. அம்மா மூன்று வாரம் போன் செய்தார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார். நான் இங்கிருந்து ட்விட்டரில் கம்பெனி பெயரைப் போட்டு நாலு வரி எழுதினேன். இரண்டு மணி நேரத்தில், "மன்னிக்கவும், உங்கள் நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள்" என்று இனிக்க இனிக்கப் பதில். மறுநாள் காலை மெக்கானிக் வாசலில்.

அம்மாவுக்கு ஏக சந்தோஷம், பிள்ளை மும்பையில் பெரிய ஆள் என்று தெருவெல்லாம் பேச்சு. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதே ஃபிரிட்ஜ், அதே வாரண்டி. மூன்று வாரம் கேட்டது கேட்காமல் போய், நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதியதும் கேட்டது. அப்படியானால் இது சேவை இல்லை, மானத்துக்குப் பயம். ட்வீட் போடத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு யார் இருக்கிறார்கள்?

மறுபடி அமீன் சயானி, மறுபடி போர்ன்விட்டா

நல்லதும் நடக்கிறது. அதற்குக் கடைசியாக ஒரு கதை. 1972-ல் தொடங்கிய போர்ன்விட்டா குவிஸ் கான்டெஸ்டை ரேடியோவில் நடத்தியவர் அமீன் சயானியின் அண்ணன் ஹமீத் சயானி. 1975-ல் அவர் மறைந்தபிறகு அமீனே எடுத்து நடத்தினார். போர்ன்விட்டா குடித்தால் பிள்ளை புத்திசாலி ஆகும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறியதில் அந்த குவிஸுக்குப் பங்கு உண்டு. பொது அறிவும் பானமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன.

2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று சின்ன வீடியோ ஒன்று போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அது ஊரெல்லாம் போயிருந்தது. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. அந்த வருஷக் கடைசியில், நூறு கிராமுக்கு 37 கிராம் சொச்சமாக இருந்த சேர்த்த சர்க்கரை 32 கிராம் சொச்சமாகக் குறைந்தது. 2024 ஏப்ரலில், இந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலில் வைக்கக்கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. ஐம்பது வருஷம் குவிஸ் கேள்வி கேட்ட டப்பாவிடம் ஒருவர் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான் நடந்தது.

யார் உப்பை யார் தின்றது?

'லாயல்டி' என்பதற்குத் தமிழில் விசுவாசம் என்கிறோம். விசுவாசம் யாருக்கு இருக்கவேண்டும்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பெரியவர்கள் சொன்னது. அப்படிப் பார்த்தால், காசு கொடுப்பது நாம். உப்பிட்டவர் நாம்தான். தின்றது கம்பெனி. விசுவாசம் அங்கிருந்து அல்லவா வரவேண்டும்? எப்போது இது தலைகீழானது?

எழுபது வருஷக் கதையில் எனக்குத் தெரிவது இதுதான். பேச்சு வைத்துப் பழகினால் பெயர் மனதில் நிற்கும். பொருள் நன்றாக இருந்து, கஷ்டகாலத்தில் கம்பெனி வாய் திறந்து உண்மை சொன்னால்தான் ஜனங்கள் கூட நிற்பார்கள். லைக் எண்ணிக்கை இதில் எதையும் அளப்பதில்லை.

நம் குடும்பங்களுக்கு மூன்றே மூன்று யோசனை. ஒன்று, பிள்ளைகள் பார்க்கும் வீடியோவில் யாராவது எதையாவது புகழ்ந்தால், அவர் காசு வாங்கியிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். காசோ பரிசோ வாங்கினால் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று விளம்பரத் தர கவுன்சில் 2021-லும், மத்திய அரசு 2023 ஜனவரியிலும் விதி வகுத்திருக்கின்றன. இரண்டு, புகாரை ட்வீட்டோடு நிறுத்தாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் போனிலும் போட்டு வையுங்கள், நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது அவர்களே பேசிக்கொள்வார்கள். மூன்று, கோபத்தில் ஃபார்வர்டு செய்யுமுன், அது எந்த எக்ஸெல் என்று ஒரு தடவை பாருங்கள் :-)

இது தவிர, உங்கள் வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் மாற்றாமல் வாங்கும் பொருள் எது, ஏன் மாற்றவில்லை என்று வீட்டம்மாவிடம் கேட்டு எழுதுங்களேன். எங்கள் வீட்டில் கேட்டேன். "மாட்டுங்கா கடை காபிப்பொடிதான். சிக்கரி எவ்வளவு என்று அவருக்கே தெரியும், நாம் சொல்லவேண்டாம்" என்று பதில் வந்தது. அந்தக் கடைக்கு ஃபேஸ்புக் பக்கம் கிடையாது.